மோரிஸ் மைனர்: தேர்ந்தெடுப்பது முதல் ஓட்டி மகிழ்வது வரை முழுமையான வழிகாட்டி

பழைய பிரிட்டிஷ் கார் ஒன்று சொந்தமாக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் மோரிஸ் மைனர். ஜாகுவார் அழகுதான், எம்ஜி வேகமானதுதான். ஆனால் கையில் ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லாத ஒருவர் ஒரு பழைய காரை முழுமையாகப் புரிந்துகொண்டு, தானே பராமரித்து, குடும்பத்தோடு ஓட்டவும் வேண்டும் என்றால் மைனருக்கு இணை இல்லை. பானட்டைத் திறந்தால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. இவர்தான் பின்னர் மினியையும் உருவாக்கினார். உற்பத்திக்குப் போகும் தறுவாயில் கார் குறுகலாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்ற, மாதிரிக் காரை நடுவில் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கிவைத்துப் பார்த்தார். பானட்டின் நடுவே ஓடும் அந்தத் தட்டையான பட்டை அப்படி வந்ததுதான். பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இது. உற்பத்தி நின்றபோது எண்ணிக்கை சுமார் 16 லட்சமாக இருந்தது. பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைப்பதற்கு இந்த எண்ணிக்கையே காரணம்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வரிசையைத்தான் வலியுறுத்தப் போகிறேன். கார் முதலில் நிற்க வேண்டும். அடுத்து சொன்னபடி திரும்ப வேண்டும். அதற்கப்புறம் ஓட வேண்டும். மினுமினுப்பு கடைசியில். பெயிண்ட் கடையில் தொடங்கும் மறுசீரமைப்புகள் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுபோவது, பணம் முழுவதும் முதலிலேயே பளபளப்பில் கரைந்துவிடுவதால்தான்.

எந்த மைனர்?

மூன்று தலைமுறைகள் உண்டு. 1948 முதல் 1953 வரை வந்தது எம்எம் சீரிஸ். 918 சிசி சைடு வால்வ் எஞ்சின், இரண்டு துண்டாகப் பிரிந்த முன்கண்ணாடி. ஆரம்ப கால எம்எம்களில் ஹெட்லைட்கள் கிரில்லுக்குள் தாழ்வாக இருக்கும். அமெரிக்க விதிகளுக்காக அவற்றை மட்கார்டுக்கு உயர்த்தினார்கள். சேகரிப்பாளர்களுக்கு இது பொக்கிஷம். ஆனால் இன்றைய போக்குவரத்தில் மூச்சு வாங்கும்.

1952இல் ஆஸ்டினும் மோரிஸின் நஃபீல்டு குழுமமும் இணைந்து பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ஆனதும், ஆஸ்டினின் 803 சிசி ஏ சீரிஸ் எஞ்சின் மைனருக்குள் வந்தது. அதுதான் சீரிஸ் 2. மரச் சட்டம் கொண்ட டிராவலர் என்ற எஸ்டேட் வகை 1953இல் இதில்தான் அறிமுகமானது. எஞ்சினுக்கும் கியர் விகிதத்துக்கும் சரியாகப் பொருந்தாத கார் என்பது என் கருத்து. மேடு ஏறும்போது எந்த கியரிலும் திருப்தி இருக்காது.

1956இல் வந்த மைனர் 1000தான் பெரும்பாலானவர்கள் வாங்க வேண்டியது. ஒரே துண்டு முன்கண்ணாடி, பெரிய பின்கண்ணாடி, 948 சிசி எஞ்சின், 37 குதிரைத்திறன். 1962இல் எஞ்சின் 1098 சிசி ஆகி, திறன் 48 ஆனது. 948 எஞ்சின் இனிமையாகச் சுழலும், அடிபணிந்து உழைக்கும் என்று புகழ் பெற்றது. ஆனாலும் தினசரி ஓட்டத்துக்கு 1098ஐத்தான் பரிந்துரைப்பேன். காரணம் எஞ்சின் அல்ல, பிரேக். 1098 வந்தபோது முன் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக வளர்ந்தது. அந்த ஓர் அங்குலம் காலுக்கு நன்றாகவே தெரியும். மேல்கூரை மடங்கும் வகை 1969லும், சலூன் 1970லும், டிராவலர் 1971லும் நின்றன.

மேல்கூரை மடங்கும் வகைக்கு விலை அதிகம். அதனால் சலூனின் கூரையை வெட்டி அதைப் போல மாற்றிய கார்களும் சந்தையில் உண்டு. அசல் வண்டிக்குத் தொழிற்சாலையிலேயே தரைப்பகுதியில் கூடுதல் வலுவூட்டல் உண்டு. வெட்டியதில் அது சரியாக இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும். பிற்கால மைனர் 1000இன் சேஸி எண்ணைப் பாருங்கள். தொடக்க எழுத்துகளில் 2எஸ் வந்தால் இரு கதவு சலூன், டி வந்தால் டூரர், அதாவது மடங்கும் கூரை, டபிள்யூ வந்தால் டிராவலர். இதில் சந்தேகம் வந்தால், இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் எடுத்துத் தருகிறது. கார் எந்த நிறத்தில், என்று, எங்கே போவதற்காகக் கட்டப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

உடலை வாங்குங்கள், எஞ்சினை அல்ல

மைனருக்குத் தனியாக சேஸி கிடையாது. உடல் தகடும் தரையும் சேர்ந்ததுதான் சேஸி. எஞ்சினை ஒரு வார இறுதியில் கழற்றி மாட்டலாம். கியர் பாக்ஸும் அப்படித்தான். துருப்பிடித்த உடலைச் சரிசெய்ய மாதங்களும், காரின் விலையைத் தாண்டும் பணமும் வேண்டும். எஞ்சின் புகைந்தாலும் உடல் கெட்டியாக இருக்கும் கார், எஞ்சின் இனிமையாக ஓடினாலும் அடியில் ஓட்டை விழுந்த காரைவிட எவ்வளவோ மேல்.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், துணி சுற்றிய சிறு காந்தம், படுத்துப் பார்க்க ஒரு பாய். இவ்வளவு போதும். உரிமையாளரிடம் சொல்லிவிட்டு இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் முன் இருக்கைகளுக்குக் கீழே, காரின் குறுக்கே ஓடும் பெட்டி போன்ற கிராஸ் மெம்பர். மைனரின் உயிர்நிலை இதுதான். முன் சஸ்பென்ஷனில் முறுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார்கள் இரண்டும் நீளமாகப் பின்னோக்கி வந்து இதில்தான் பிடித்திருக்கின்றன. இதன் இரு முனைகளிலும் ஜாக்கி வைக்கும் இடங்கள். முனை உளுத்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரை லேசாக அழுத்தினாலே உள்ளே போகும். புதிதாகக் கருப்பு அண்டர்கோட்டிங் அடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், பட்டி பூசிய இடம் மொத்தென்று கேட்கும்.

அடுத்து எஞ்சினின் இரு பக்கமும் முன்னோக்கி ஓடும் சேஸி லெக்குகள். ஓட்டுநர் பக்க லெக்குக்குள்தான் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒளிந்திருக்கிறது. வருடக்கணக்கில் பிரேக் ஆயில் கசிந்து பெயிண்டை உரித்து, துருவை அழைத்து வந்திருக்கும். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் ஹேங்கர்களைப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகள், கதவின் அடிவிளிம்பு, பேட்டரி தட்டு, டிக்கியின் தரை என்று தொடருங்கள். கதவைப் பாதி திறந்து லேசாகத் தூக்கினால் கதவு மட்டும் ஆடுகிறதா, கதவோடு தூணும் சேர்ந்து அசைகிறதா? தூண் அசைந்தால் அடித்தளம் போய்விட்டது என்று பொருள்.

மட்கார்டில் ஓட்டையா? அது பெரிய விஷயமில்லை. முன்னும் பின்னும் மட்கார்டுகள் போல்ட் போட்டு மாட்டியவை, கழற்றிப் புதிது போடலாம். விற்பவர்கள் மட்கார்டைப் பளபளப்பாக்கிவிட்டு கிராஸ் மெம்பரை மறந்துபோவார்கள். வாங்குபவர் அதற்கு நேர்மாறாகப் பார்க்க வேண்டும்.

டிராவலர் என்றால் மரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஆஷ் மரச் சட்டம் அலங்காரமல்ல. காரின் பின்பாதியைத் தாங்கும் எலும்பே அதுதான். உளுத்த மரத்தோடு போனால் பிரிட்டனின் எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையில் கார் தோல்வியடையும். இணைப்புகளில் கறுத்துப்போன இடங்களை நகத்தால் அழுத்திப் பாருங்கள். மேலே வார்னிஷ் பளபளத்தாலும் உள்ளே ஈரம் குடித்த மரம் பஞ்சு மாதிரி அமுங்கும்.

ஓட்டிப் பார்ப்பது இதற்கெல்லாம் பிறகுதான். குளிர்ந்த எஞ்சினைத்தான் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்ல வேண்டும். போகும்போதே பானட் சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆயில் அழுத்த விளக்கு சட்டென்று அணைய வேண்டும். நன்றாகச் சூடானபின் மெதுவான ஐட்லிங்கில் அது மினுக்கினால் எஞ்சின் தேய்ந்திருக்கிறது. முதல் கியரில் சிங்க்ரோ, அதாவது ஓட்டத்திலேயே கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு, கிடையாது, அதனால் ஓடும்போது அதில் போட்டால் உரசும், அது குறையல்ல. ஆக்சிலரேட்டரை விடும்போது கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தாலோ, இரண்டாம் கியருக்கு இறக்கும்போது கரகரத்தாலோ கியர் பாக்ஸைத் திறக்க வேண்டிவரும். வேகம் குறையும்போது எக்ஸாஸ்டிலிருந்து வரும் அந்தச் செல்லமான பட்பட் ஒலி எல்லா மைனருக்கும் பொதுவானது.

காகிதங்கள்

பிரிட்டனில் 40 வயது கடந்த கார் வரலாற்று வாகன வகையில் வரும். சாலை வரி இல்லை, ஆனால் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். 2018 மே முதல் எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை, காரின் அடிப்படை அமைப்பைப் பெரிதாக மாற்றாதவரை. லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு விதிக்கும் யூலெஸ் கட்டணமும் கிடையாது. கட்டாயமில்லை என்றாலும் வருடத்துக்கு ஒருமுறை எம்ஓடி சோதனைக்குக் கொண்டுபோங்கள். நம் கண்ணுக்குப் பழகிப்போன குறையை இன்னொருவர் கண் பிடிக்கும்.

இந்தியாவில் 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வாகனங்களுக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவு உண்டு. எண் பலகையில் விஏ என்ற எழுத்துகள் வரும். அப்படிப் பதிந்த காரைத் தினசரி ஓட்டத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்த முடியாது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கருவிகள்

மைனர் 1000இல் மில்லிமீட்டர் ஸ்பானர்கள் பொருந்தா. பொருந்துவது போலத் தெரியும், நட்டின் முனையை வழித்துவிடும். அங்குல அளவில், ஏஎஃப் என்று குறித்த ஸ்பானர் செட் வாங்குங்கள். 7/16, 1/2, 9/16 என்ற மூன்றும் முக்கால்வாசி வேலையை முடிக்கும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), கிரீஸ் கன், 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் இணைத்த டெஸ்ட் லாம்ப், இரண்டு நல்ல ஆக்சில் ஸ்டாண்ட், தொழிற்சாலை வெளியிட்ட பட்டறைக் கையேடு. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

முதல் வேலை: நிற்கட்டும்

காரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்ற எதையும் தொடாமல் பிரேக்கை முடியுங்கள். மைனரின் ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஒரே சுற்றுதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும், மீதி ஹேண்ட் பிரேக் மட்டுமே. அதனால் பழைய ரப்பர் ஹோஸ்கள் பார்க்க நன்றாகத் தெரிந்தாலும், எப்போது மாற்றியது என்ற கணக்கு இல்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

நான்கு டிரம்மையும் கழற்றுங்கள். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள் உண்டு. சிலிண்டரின் ரப்பர் தொப்பியை மெல்ல விலக்கிப் பாருங்கள்; உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் மாற்ற வேண்டியதுதான். லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால் கழுவிப் பயனில்லை, ஜோடியாக மாற்றுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், எனவே தூசியைக் காற்றால் ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் இந்தக் காரின் ஒரே வில்லங்கமான வேலை. அதைப் பிடித்திருக்கும் போல்ட்களை உருவவிடாமல் டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். முதல்முறை செய்பவர் அனுபவம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது, ஏனென்றால் டார்ஷன் பாரில் இறுக்கிச் சேமித்த விசை பெரியது. அதில் பிரேக் ஆயில் நிரப்பும் மூடியும் ஓட்டுநர் காலடியில், தரை விரிப்புக்குக் கீழேதான் இருக்கிறது. கண்ணில் படாத இடம் என்பதால் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

எல்லாம் மாட்டியதும் பிரேக் குழாய்களிலிருந்து காற்றெடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் காரில் அது இடது பின்சக்கரம். பிறகு ஒவ்வொரு டிரம்மிலும் அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை திருகி, உரசாமல் சுழலும் அளவுக்கு மட்டும் பின்னால் விடுங்கள். பெடல் ஆழமாகப் போகிறது என்று புகார் வரும் மைனர்களில் பெரும்பாலானவற்றில் குறை இந்த அட்ஜஸ்ட்மென்டில்தான் இருக்கும்.

இரண்டாவது: திரும்பட்டும்

ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் மைனரின் பெருமை. 1948இல் ஒரு மலிவு குடும்பக் காரில் அப்படியொரு துல்லியம் அபூர்வம். இன்றும் வளைந்த சாலையில் அதை ஓட்டும்போது முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்பதை உள்ளங்கை சொல்லும்.

அந்தத் துல்லியத்தின் கீழே ஒரு பலவீனமும் உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு மேலும் கீழும் டிரனியன் என்ற கட்டைகளுக்குள் மரைபோட்டு நுழைந்திருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரைதான் சுழல்கிறது. கிரீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேயும். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் தண்டு கீழ்க் கட்டையிலிருந்து விடுபட்டால், அந்தப் பக்கச் சக்கரம் மடிந்து மட்கார்டுக்குள் ஒடுங்கிவிடும். மைனர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். தடுப்பதற்கோ சில நிமிடங்கள் போதும்.

ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று கிரீஸ் நிப்பிள் உண்டு. 1,600 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கிரீஸ் அடியுங்கள். சக்கரம் தரையில் அழுந்தி நிற்கும்போது அடித்தால் கிரீஸ் மரையின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே போகும். காரைத் தூக்கி, எடை இறங்கியபின் அடியுங்கள். பழைய கிரீஸ் கறுப்பாக வெளியேறி, புதியது எட்டிப் பார்க்கும்வரை விடாமல் அடிக்க வேண்டும். ஒரு நிப்பிள் கிரீஸை ஏற்கவில்லை என்றால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அடைத்த நிப்பிளை அப்படியே விட்டுவிட்டு நகராதீர்கள்.

தேய்மானம் பார்க்க, சக்கரத்தைத் தூக்கி மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் குறை வீல் பேரிங்கில். மறையவில்லை என்றால் டிரனியனில். பாகம் விலை குறைவு, தள்ளிப்போட வேண்டாம்.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம், அதிலும் டிரனியன் உண்டு. ஆனால் அதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, இபி 90 கியர் ஆயில். மைனர் பழக்கத்தில் ஹெரால்டுக்கு கிரீஸ் அடித்தால் உள்ளே ஈரம் தங்கித் தண்டு துருவேறி முறியும். பெயர் ஒன்றாக இருந்தாலும் வைத்தியம் வேறு.

மூன்றாவது: ஓடட்டும்

ட்யூனிங்கில் வரிசை மாறினால் எல்லாம் வீண். டேப்பட் (வால்வின் இடைவெளி), பிளக், பாயிண்ட் (டிஸ்டிரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டு விட்டு இணைக்கும் தொடுமுனை), டைமிங் (பொறி பாயும் நேரம்), கடைசியில் கார்புரேட்டர். பலர் கார்புரேட்டரில்தான் தொடங்குவார்கள். பாயிண்ட் கெட்டுப்போன எஞ்சினுக்குக் கார்புரேட்டரைத் திருகுவதால் இரண்டு குறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

டேப்பட். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். பிளக் நான்கையும் கழற்றினால் எஞ்சின் லேசாகச் சுழலும். முன் பம்பர் வழியாக ஹேண்டில் போட்டுத் திருப்பலாம். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களின் பக்கமே வையுங்கள், பின்னுதைத்தால் கை முறியாது. வால்வ் எட்டு. முன்னிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வால்வ் முழுதாகத் திறந்திருக்கும்போது, அதன் எண்ணோடு கூட்டினால் ஒன்பது வரும் வால்வை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். 8 திறந்தால் 1, 6 திறந்தால் 3, 4 திறந்தால் 5, 7 திறந்தால் 2, அப்புறம் 1க்கு 8, 3க்கு 6, 5க்கு 4, 2க்கு 7. 948, 1098 இரண்டுக்கும் இடைவெளி 0.012 அங்குலம். ஃபீலர் இழுக்கும்போது லேசான பிடிப்பு இருந்தால் போதும். டேப்பட் சத்தமே இல்லாமல் இறுக்கிவிடுவது தவறு. அமைதியாக இருக்கும், ஆனால் வால்வ் சரியாக மூடாமல் எரிந்துபோகும்.

பிளக் இடைவெளி 0.025 அங்குலம். பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 வரை. பாயிண்ட்டின் முகம் குழிந்திருந்தால் புதிது போடுங்கள்; கண்டென்சரையும் சேர்த்து மாற்றுவதில் அர்த்தமுண்டு, ஆனால் நன்றாக ஓடும் பழைய கண்டென்சரைத் தூக்கி எறியாமல் டிக்கியில் வையுங்கள். இப்போது வரும் புதியவற்றின் தரம் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலிண்டர்கள் எரியும் வரிசை 1, 3, 4, 2. பாயிண்ட்டை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதால் டெஸ்ட் லாம்பை வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பி நிறுத்துங்கள்.

இனி எஸ்யூ கார்புரேட்டர். இதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. உலகின் மிக எளிமையான கார்புரேட்டர்களில் ஒன்று. உள்ளே ஒரு பிஸ்டன், அதன் அடியில் கூம்பான ஊசி, ஊசி நுழையும் ஜெட். எஞ்சின் காற்றைக் கேட்கும் அளவுக்குப் பிஸ்டன் உயரும், ஊசி உயரும், பெட்ரோல் கூடும். மேலே உள்ள டேம்பர் மூடியைக் கழற்றி ஆயில் அளவைப் பாருங்கள். திரும்ப மாட்டும்போது மூடி இன்னும் கால் அங்குலம் மேலே இருக்கும்போதே எதிர்ப்பு உணர்ந்தால் அளவு சரி. இல்லையென்றால் மெல்லிய ஆயில் கொஞ்சம் விடுங்கள்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, பக்கவாட்டில் உள்ள சிறு முளையால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் ஒரு நொடி லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. கூடிய வேகம் அப்படியே தொடர்ந்தால் பெட்ரோல் அதிகம். ஜெட் நட்டை மேல்நோக்கித் திருகுங்கள். எஞ்சின் தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு; நட்டைக் கீழே இறக்குங்கள். ஒருமுறைக்கு நட்டின் ஒரு பக்க முகம் அளவு மட்டும் திருப்பிவிட்டுக் கேளுங்கள். பிறகு ஒரு சுற்று ஓட்டிவந்து பிளக்கின் நிறம் பாருங்கள். இளம்பழுப்பாக இருந்தால் வேலை முடிந்தது.

ஆயில் 20டபிள்யூ50, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. கியர் பாக்ஸுக்கும் எஞ்சின் ஆயில்தான், பின் ஆக்சிலுக்கு இபி 90. ரேடியேட்டரில் வெப்ப நாட்டிலும் வெறும் தண்ணீர் விடாதீர்கள். ஆன்டிஃப்ரீஸ் உறையாமல் காப்பதோடு உட்புறத் துருவையும் தடுக்கிறது. மைனர் சூடாகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பல பத்தாண்டுச் சேறு படிந்த ரேடியேட்டரையும் எஞ்சின் பிளாக்கையும்தான்.

மின்சாரம்

மைனரில் உள்ள லூகாஸ் நிறுவன மின்சாதனங்களைக் குறை சொல்வது ஒரு பழக்கமாகிவிட்டது. அதில் நியாயம் குறைவு. ஐம்பது, அறுபது வருடம் கழித்துத் தகராறு செய்வது பெரும்பாலும் பாகமல்ல, துருவேறிய எர்த் இணைப்பு. எரியாத விளக்கைக் கண்டால் பல்பு பார்த்தபின் எர்த் வயர் உடலில் பிடித்திருக்கும் இடத்தைக் கழற்றி, உரசிப் பளிச்சென்று ஆக்கி, மறுபடி இறுக்குங்கள்.

மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இதை மறந்து இன்றைய கார் போல பேட்டரியை மாட்டினாலோ, சாதாரண ரேடியோ, போன் சார்ஜர் இணைத்தாலோ சேதம் உறுதி. நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது கடினமல்ல. பேட்டரியைத் திருப்புங்கள், காயிலின் இரண்டு வயர்களை இடம் மாற்றுங்கள், டைனமோவுக்குப் புதிய துருவத்தைக் கற்பிக்க அதன் எஃப் முனையைப் பேட்டரியில் உடலோடு இணைக்காத முனையோடு ஒரு கணம் தொட்டு எடுங்கள். மாற்றியபின் பானட்டுக்கு அடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள், அடுத்துத் தொடுபவருக்காக.

எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்று கேட்பார்கள். நல்ல பொருள்தான், நானோ பாயிண்ட்டையே விரும்புகிறேன். பாயிண்ட் கெடும்போது சொல்லிவிட்டுக் கெடும், சாலையோரத்தில் ஒரு துண்டு எமரித் தாளால் சரியாகும். மின்னணுப் பெட்டி ஒரேயடியாக நின்றால் வண்டியை இழுத்துத்தான் போக வேண்டும்.

இன்னொன்று: 1961 வரை வந்த மைனர்களில் கதவுத் தூணிலிருந்து கை போல நீளும் டிராஃபிகேட்டர்கள் உண்டு. அழகானவை, அப்படியே வையுங்கள். ஆனால் பின்னால் வரும் இளம் ஓட்டுநருக்கு அது என்னவென்றே தெரியாது, அதனால் மினுக்கும் இண்டிகேட்டரும் சேர்த்துப் போடுங்கள்.

பெட்ரோல்

இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் பிறந்தது. பிரிட்டனில் 2000 தொடக்கத்தில் அது நின்றது. ஈயம் இல்லாமல் நீண்டநேரம் வேகமாக ஓடினால் எக்ஸாஸ்ட் வால்வ் சீட் தேய்ந்து உள்ளே இறங்கும். டேப்பட் இடைவெளி அடிக்கடி குறைகிறது என்றால் அதுதான் அறிகுறி. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பம் வரும்போது கடினப்படுத்திய சீட் போட்டுவிடுங்கள். அதுவரை சேர்மானம் ஊற்றி ஓட்டலாம்.

எத்தனால் இன்னொரு தொல்லை. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸை அது மிருதுவாக்கிக் கசியவிடும், டேங்கில் ஈரத்தை இழுக்கும். அங்கே ஈ5 கிடைக்கிறது, அதையே போடுங்கள். இந்தியாவில் ஈ20 பரவிவிட்டதால் ஹோஸ்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றாமல் காரை ஓட்ட வேண்டாம். எஞ்சினுக்கு மேல் சொட்டும் ஒரு துளி பெட்ரோல் கார் முழுவதையும் எரிக்கும்.

மினுமினுப்பும் மாற்றங்களும்

பெயிண்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். தகடு வேலை முழுதாக முடிந்த பின்னரே பெயிண்ட், அதுவும் பெட்டிப் பகுதிகளின் உள்ளே மெழுகு தெளித்த பின். மாற்றங்களில் சீட் பெல்ட்டை முதலில் போடுங்கள். 1275 சிசி எஞ்சின் பொருத்த ஆசை இருந்தால் முன்பக்க டிஸ்க் பிரேக்குக்குப் பணம் சேர்த்தபின் தொடங்குங்கள்.

ஓட்டுவது

வாரம் ஒருமுறையாவது, எஞ்சின் முழுதாகச் சூடாகும் தூரம் ஓட்டுங்கள். ஷெட்டுக்குள் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நன்மை செய்வதில்லை. எக்ஸாஸ்டிலும் ஆயிலிலும் ஈரத்தை மட்டும் சேர்க்கும். மைனருக்குப் பிடித்த வேகம் மணிக்கு 70, 80 கிலோமீட்டர். மோட்டார்வேயை விட்டு உள்சாலையைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சாலைகளுக்காகவே கட்டிய கார் இது. முன்னே செல்லும் காரிடமிருந்து இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள்.

இந்தக் காருக்குத் தபால்காரர், ரோந்துப் போலீஸ், வீடு வீடாகச் செல்லும் மாவட்ட நர்ஸ் என்று ஒரு சமூக வாழ்க்கை இருந்தது. 1950களின் சில தபால் வேன்களுக்கு இடிபட்டாலும் நசுங்காதபடி ரப்பர் மட்கார்டு போட்டிருந்தார்கள். அதனால்தான் பிரிட்டனில் எந்த ஊரில் நிறுத்தினாலும் யாராவது வந்து தன் தாத்தா வைத்திருந்த மைனரைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். அந்த உரையாடலுக்கும் நேரம் ஒதுக்கிக்கொண்டு புறப்படுங்கள். டெர்பியில் உள்ள மோரிஸ் மைனர் ஓனர்ஸ் கிளப் 1976 முதல் இயங்குகிறது. உறுப்பினரானால் உதிரிபாகம், தொழில்நுட்ப ஆலோசனை, கூட்டு ஓட்டம் மூன்றும் கிடைக்கும்.

இலங்கையில் இது அருங்காட்சியகக் கார் ஆகவேயில்லை. மைனரும், யாழ்ப்பாணத்தில் அதன் சகோதரனான ஆஸ்டின் ஏ40யும் தலைமுறைகளாக உழைத்தன, இன்னும் உழைக்கின்றன. 1990களில் மைனருக்கான தகடுகளும் பாகங்களும் இலங்கையில் செய்யப்பட்டு பிரிட்டனுக்கே போயின. அங்குள்ள மூத்த மெக்கானிக் ஒருவரோடு ஒருநாள் நின்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். புதுப் பாகம் வராத காலத்திலும் இந்த எஞ்சின்களை ஓடவைத்த கைகள் அவை.

நீண்ட பயணத்துக்கு டிக்கியில் ஃபேன் பெல்ட், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், ஒரு மேல் ரேடியேட்டர் ஹோஸ், இரண்டு லிட்டர் தண்ணீர், அரை லிட்டர் பிரேக் ஆயில், டெஸ்ட் லாம்ப் வையுங்கள். பயணத்தில் எஞ்சின் திடீரென்று நின்றால் முதலில் இக்னிஷனைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். எஞ்சின் அறைக்குள் இருக்கும் எஸ்யூ மின்பம்ப் சில முறை டிக் டிக் என்று அடித்து நிற்க வேண்டும். அடிக்கவே இல்லையென்றால் ஸ்பானரின் கைப்பிடியால் அதை ஒரு தட்டு தட்டுங்கள். உள்ளே ஒட்டிக்கொண்ட பாயிண்ட் பெரும்பாலும் விடுபட்டு வீடுவரை கொண்டுசேர்க்கும். விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது எங்கோ ஹோஸ் கசிகிறது. அப்போது சாவியை அணைத்துவிட்டு, பானட்டைத் திறந்து பெட்ரோல் வாசம் வருகிறதா என்று பாருங்கள். பம்ப் ஒழுங்காக அடித்து நின்றிருந்தால் பெட்ரோல் வருகிறது, தேட வேண்டியது டிஸ்டிரிபியூட்டர் மூடிக்கு அடியில்.